யாருடைய வண்டி

வண்டியைக் கம்ப்யூட்டர் வழியாக டியூன் செய்கிறேன் என்று சொன்னால் கேட்பவர் மனதில் முதலில் எழுவது சத்தம்தான். சைலன்சரைக் கழற்றிவிட்டு இரவு பதினொரு மணிக்குத் தெருவையே எழுப்பும் பையன்கள். டீசல் வண்டியிலிருந்து வேண்டுமென்றே கரும்புகை கக்கவிட்டு, பின்னால் வருபவர் இருமுவதைப் பார்த்துச் சிரிக்கும் ஆட்கள். அவர்கள் செய்வதும் இதே வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வேலையின் பெரும்பகுதி ஒரு அட்டவணைக்கு முன்னால் உட்கார்ந்து எண்களைப் படிப்பது. பத்தாம் வகுப்பில் லாகரிதம் அட்டவணையைப் பார்த்தவர்களுக்குப் பழகிய வேலை.

1990களுக்குப் பிறகு வந்த எந்தக் காரை எடுத்துக்கொண்டாலும் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்பதை ஒரு சிறிய அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் எப்போது கியர் மாற்றுவது, எவ்வளவு அழுத்தத்தில் மாற்றுவது என்பதையும் அதுதான் சொல்கிறது. அது ஒன்றும் பெரிய மேதை இல்லை. அதனிடம் இருப்பவை அட்டவணைகள். இடப்பக்கம் எஞ்சினின் சுழற்சி வேகம், மேலே உள்ளே நுழையும் காற்றின் அழுத்தம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு எண். இந்த வேகத்தில், இந்த அழுத்தத்தில் சிலிண்டர் எவ்வளவு நிறையும் என்று தொழிற்சாலையில் யாரோ அளந்து எழுதி வைத்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றுகிறது. அந்தக் கட்டங்களைத் திறந்து, படித்து, தேவையென்றால் மாற்றி எழுதுவதற்குப் பெயர்தான் டியூனிங்.

நான் இதற்குள் வந்ததற்குக் காரணம் ஒரு விசா. 2019இல் கணவருடன் டெக்சாஸுக்கு வந்தேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, நான்கு ஆண்டு பம்ப்செட் தொழிற்சாலையில் வேலை பார்த்த பிறகு. அவருக்கு ஹெச்-1பி, எனக்கு ஹெச்-4. அந்த விசாவில் வருபவர் படிக்கலாம், கார் ஓட்டலாம், குழந்தை பெறலாம், கோயிலில் தொண்டு செய்யலாம். ஊதியம் வாங்கி எந்த வேலையும் செய்யக்கூடாது. 2015 மே மாதம் முதல் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கணவரின் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவிக்கும் வேலை அனுமதி கிடைக்கும். எனக்கு அந்தக் கட்டம் வர நான்கு ஆண்டு ஆனது. இந்த ஊரில் இப்படி வீட்டிலிருக்கும் தமிழ்ப் பெண்களில் டாக்டர் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார், நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் இருக்கிறார். பிள்ளைகளின் பிறந்தநாள் விழாக்களில் நாங்கள் எல்லோரும் சமோசா பொரித்துக்கொண்டிருப்போம்.

அந்த நான்கு ஆண்டுகளில் மூன்றாவதில்தான் டிரக் வந்தது. 2004ஆம் ஆண்டு செவ்ரலே சில்வராடோ. 5.3 லிட்டர், எட்டு சிலிண்டர், நான்கு வேக ஆட்டோமேட்டிக். நாலாயிரத்து ஐந்நூறு டாலர். தோட்டத்துக்கு மண், உரம் ஏற்றிவர என்று கணவர் வாங்கினார். முந்தைய உரிமையாளர் அழகுக்காகப் பெரிய டயர்களை மாட்டியிருந்தார். வண்டி ஓடியது, ஆனால் எல்லாமே சற்றுத் தள்ளி இருந்தது. சிக்னலில் நின்றால் நடுங்கும். மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியருக்கும் நான்காவதுக்கும் இடையே முடிவெடுக்க முடியாமல் தவிக்கும்.

டயரிலிருந்து தொடங்கினேன், ஏனென்றால் அது வெறும் கணக்கு. அந்த மாடலுக்குரிய 245/75 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 774 மி.மீ. வண்டியில் இருந்த 285/75 ஆர் 16இன் விட்டம் 834. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ எட்டு சதவீதம் கூடுதலாக நகர்கிறது. கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது உண்மை வேகம் 64க்கு மேல். அபராதச் சீட்டு வருவதற்கு அது போதும். பிரச்சினை அதோடு நிற்பதில்லை. கியர் மாற்றும் நேரத்தையும் அதே தவறான வேகத்தை வைத்துத்தான் வண்டி முடிவு செய்கிறது. கணக்கை முடிக்கப் பின் அச்சின் பல் விகிதமும் தெரிய வேண்டும். அதற்கு வண்டிக்கு அடியில் படுக்கத் தேவையில்லை. டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தாளில் மூன்றெழுத்துக் குறிகள் வரிசையாக இருக்கும். அதில் ஜி.டி.4 என்றிருந்தால் 3.73, ஜி.யூ.6 என்றால் 3.42. என்னுடையது 3.73. இந்தத் தாளைப் பற்றித் தெரிந்த நாளில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சம் அதிகப்படியானது என்பது தெரியும். வண்டி தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அவ்வளவுதான்.

மற்றதைப் படிக்க ஒரு கேபிள் வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் பெட்ரோல் கார்களிலும் அது கட்டாயம். நூறு டாலருக்குச் சற்று மேல் ஒரு கேபிள், பழைய லேப்டாப், இலவசமாகக் கிடைக்கும் பிசிஎம் ஹேமர் என்ற திறமூல மென்பொருள், அட்டவணைகளைத் திறந்து காட்ட டியூனர்புரோ. முதல் வேலை, இருக்கிற கோப்பை அப்படியே படித்து மூன்று இடத்தில் சேமிப்பது. எழுதும்போது பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், லேப்டாப் தூங்கிவிடக்கூடாது. பாதியில் மின்சாரம் போனால் அந்த அலுமினியப் பெட்டி வெறும் பெட்டியாகிவிடலாம். திரையில் சதவீதம் நகரும் அந்தச் சில நிமிடங்களில் நான் யாருக்கும் போன் எடுத்ததில்லை.

சிக்னலில் நடுங்கியதற்குக் காரணம் எண்களில் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் லேப்டாப்பிலேயே சரி செய்யப் பார்ப்பார்கள். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, கம்ப்யூட்டர் தன் அட்டவணையில் உள்ள எண்ணை ஓடும்போதே திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தத்துக்கு ஃபியூயல் டிரிம் என்று பெயர். என் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது 17 சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் அதுவே 4 சதவீதம். நிற்கும்போது பெரிதாகவும் வேகம் கூடக்கூடச் சிறிதாகவும் இருந்தால், கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது என்று அர்த்தம். அட்டவணையில் 17 சதவீதம் ஏற்றிவிட்டு ஓட்டையை மறைக்கலாம். பலர் மறைக்கிறார்கள். நான் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினேன். பத்து போல்ட். பதினெட்டு வயது ரப்பர் கேஸ்கெட் காய்ந்து நொறுங்கியிருந்தது. வெயிலில் அத்தனை காலம் கிடந்தால் எதுவும் நொறுங்கும். புதியதை வைத்து முதலில் 5 நியூட்டன் மீட்டர், அடுத்த சுற்றில் 10. அதற்குமேல் இறுக்கக்கூடாது. மேனிஃபோல்டுக்கு அடியில்தான் நாக் சென்சார்கள் இரண்டும் இருக்கின்றன. எஞ்சினுக்குள் பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்தால் அந்த அதிர்வைக் கேட்டுச் சொல்பவை. பின்பக்கச் சென்சாரின் குழிக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருந்தது. கழற்றியதே கழற்றினோம் என்று இரண்டையும் மாற்றினேன்.

அந்தக் கேஸ்கெட்டை வாங்கப் போன கடையில்தான் அந்தக் கேள்வி. ஆண்டு, மாடல், எஞ்சின் அளவு எல்லாம் சொன்ன பிறகும் கவுன்ட்டரில் இருந்தவர், "உங்கள் கணவர் எந்த வண்டி வைத்திருக்கிறார்?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உதவியாகத்தான் கேட்டார். நான் திரும்பவும் ஆண்டு, மாடல், எஞ்சின் அளவு சொன்னேன். பில்லில் பெயர் கேட்டபோதும் கணவரின் போன் எண்ணைத்தான் கேட்டார். மூன்றாவது முறை அதே கடைக்குப் போனபோது கணவரும் உடன் வந்தார். கவுன்ட்டர்காரர் விலை முதல் பொருத்தும் முறை வரை அனைத்தையும் அவரைப் பார்த்தே விளக்கினார். ஜாவா எழுதுகிற மனிதர், பாவம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும், "என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

வீடியோ காலில் அம்மா வேறுவிதமாகக் கேட்டார். "ஏங்கண்ணு, அந்த ஊர்ல ஃபிட்டரு கெடைக்கலையா?"

அம்மாவுக்கு ஃபிட்டர் என்றால் யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் பள்ளிப்பாளையம். தெருவில் எந்த வீட்டுச் சுவரில் காது வைத்தாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். அம்மா தார் சுற்றினார், பிறகு தறி ஓட்டினார். கூலி மீட்டர் கணக்கு. பாவு அறுந்தால் அம்மாவே முடிச்சுப் போடுவார், நாடாவில் தார் மாற்றுவார். நாடா தடம் மாறி அடித்தாலோ துணியின் அடர்த்தி தவறினாலோ தறியை நிறுத்திவிட்டு ஃபிட்டருக்காகக் காத்திருக்க வேண்டும். ஸ்பேனர் அவர் இடுப்பில் இருக்கும். எந்த போல்ட்டை எத்தனை சுற்றுத் திருப்ப வேண்டும் என்பது பத்து வருடம் அந்தத் தறியோடு நின்ற அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சத்தம் மாறியதைக் கேட்டே எந்தப் பக்கம் கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனாலும் ஸ்பேனரைத் தொட்டால் தறி முதலாளி திட்டுவார், ஃபிட்டருக்கும் கோபம் வரும். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. தறி ஓட்டும் பெண்ணுக்கும் தறியைத் திருத்தும் ஆணுக்கும் வாரக் கூலியில் இருந்த வித்தியாசத்தை அந்த ஸ்பேனர்தான் உண்டாக்கியது என்று நான் நினைக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன், "ஃபிட்டரு கெடைப்பாங்கம்மா. ஸ்பேனரு எங்கிட்டயே இருக்குது." அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கை பத்திரம் கண்ணு" என்றார்.

எஞ்சின் அட்டவணையில் நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓட்டை அடைந்த பிறகு, இரண்டு வாரம் லேப்டாப்பைப் பக்கத்து இருக்கையில் வைத்துப் பதிவு எடுத்தபடி ஓட்டினேன். எந்தக் கட்டத்தில் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் திருத்துகிறது என்று சராசரி எடுத்து, அந்தக் கட்டத்தின் எண்ணை அத்தனை சதவீதம் மாற்றுவது. திரும்ப ஓட்டுவது. திரும்ப மாற்றுவது. ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் வந்ததும் நிறுத்திவிட்டேன். முழுதாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் பகுதியைத் தொடவே இல்லை. அங்கே கை வைக்கச் சாதாரண ஆக்சிஜன் சென்சார் போதாது, அதோடு மாட்டுச்சாணம் ஏற்றி வருகிற வண்டிக்கு அது அவசியமும் இல்லை.

கியர்பெட்டிதான் சுவாரசியம். நான்கு வேகம், முதல் கியர் 3.06, கடைசி 0.70. உள்ளே பட்டைகளும் கிளட்ச் தட்டுகளும் எண்ணெய் அழுத்தத்தில் ஒன்றைப் பிடித்து ஒன்றை விடுகின்றன. கியர் மாறும்போது குலுங்கக்கூடாது என்று அழுத்தத்தைக் குறைவாக வைத்தால் தட்டுகள் மெல்ல வழுக்கிப் பிடிக்கும். உட்கார்ந்திருப்பவருக்குச் சுகம், தட்டுகளுக்குத் தேய்மானம், எண்ணெய்க்குச் சூடு. அழுத்தத்தைக் கூட்டினால் கியர் விருட்டென்று விழும். இதைப் பற்றி ஆண்கள் எழுதுவதைப் படித்தால் ஒரு சொல் அடிக்கடி வரும்: மென்மையாக மாறும் கியர் பாட்டிமார்களுக்கு, கார் பின்பக்கத்தில் உதைப்பதுபோல் மாறுவதுதான் ஆம்பளைக்கு. அதே ஆசையில், கியர் மாறும் கணத்தில் எஞ்சினின் விசையைக் கம்ப்யூட்டர் சற்றுத் தணிக்கும் ஏற்பாட்டை அட்டவணையில் பூஜ்யமாக்கிவிடுவார்கள். அந்தக் கணத்துக்குப் பொறியின் நேரத்தைத் தள்ளிப்போட்டுத் தட்டுகளைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. அதை எடுத்துவிட்டு, மூன்றாவது நான்காவது கியருக்கான தட்டுகள் கருகி, கியர்பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தொழிற்சாலையைத் திட்டுவார்கள்.

நான் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற அரை நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது கால்வாசி குறைந்தது. விசை தணிக்கும் ஏற்பாட்டை அப்படியே விட்டேன். மேம்பாலத் தவிப்புக்கு, நான்காவது கியருக்கு ஏறும் வேகத்துக்கும் அதிலிருந்து இறங்கும் வேகத்துக்கும் நடுவே இடைவெளியை அகலப்படுத்தினேன். ஏறியதும் உடனே இறங்கத் தோன்றாத அளவுக்கு. வண்டி ஒரு முடிவெடுத்தால் அதில் நிற்கிறது இப்போது. இதையெல்லாம் சமையலில் உப்புப் பார்ப்பதோடு ஒப்பிட்டு ஒரு தோழி பாராட்டினாள். அன்பாகச் சொன்னாள், ஆனால் எனக்கு வேண்டாம். நான் உப்புப் போடுவதில் சுமார்தான்.

கார் வரலாற்றைத் தேடிப் படித்தபோது இரண்டு பெண்களிடம் நின்றுவிட்டேன். ஒருவர் பெர்தா பென்ஸ். கணவர் கார்லின் தொழிலுக்குத் தன் சீதனப் பணத்தைத் திருமணத்துக்கு முன்பே கொடுத்தவர். 1886இல் வந்த காப்புரிமை கார்ல் பெயரில். 1888 ஆகஸ்ட்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை சுமார் 106 கி.மீ. அந்த வண்டியை ஓட்டிப்போனார். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பற்றவைக்கும் கம்பி உரசியது, காலுறைப் பட்டையைச் சுற்றினார். பிரேக் தேய்ந்தது, செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்துக்கொண்டார். மேடுகளில் மகன்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. திரும்பி வந்து, மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்றார், கியர் சேர்க்கப்பட்டது. பாடப்புத்தகங்கள் இதைச் சுற்றுலாக் கதைபோலச் சொல்கின்றன. எனக்கு இது ஓட்டிப் பார்த்து, குறை கண்டு, கியர் விகிதத்தைத் திருத்திய முதல் பதிவாகத் தெரிகிறது.

மற்றவர் பியாட்ரிஸ் ஷில்லிங். 1930களில் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலைத் தாண்டியவர், இரண்டாம் உலகப் போரின்போது ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பொறியாளர். பிரிட்டிஷ் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சின், மூக்கைக் கீழே தள்ளிப் பாயும்போது கார்புரேட்டர் குழம்பி, பெட்ரோல் வெள்ளமாகி, இருமி நின்றுவிடும். ஜெர்மன் விமானங்களில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை இருந்ததால் அவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஷில்லிங் செய்தது நடுவில் துளையுள்ள ஒரு சிறிய பித்தளைத் துண்டு. எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு தேவையோ அவ்வளவு பெட்ரோல் மட்டுமே போக விடும் துளை. 1941இல் விமான தளம் தளமாகப் போய்ப் பொருத்தினார். விமானிகள் உயிர் பிழைத்தார்கள். அந்தத் துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர், மிஸ் ஷில்லிங்கின் துவாரம். இன்றைக்கும் புத்தகங்களில் அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறார்கள். எட்டு சிலிண்டருக்கு எவ்வளவு பெட்ரோல் என்று நான் கட்டம் கட்டமாகப் பார்க்கும் வேலையை அவர் ஒரே துளையில் செய்தார்.

வண்டிக்குள் இருக்கும் எண்களைத் திறக்க எனக்கு உரிமை உண்டா என்பது நீண்ட காலம் தெளிவில்லாமல் இருந்தது. மென்பொருளுக்குப் பதிப்புரிமை இருக்கிறது, பூட்டை உடைப்பது குற்றம் என்றது 1998ஆம் ஆண்டுச் சட்டம். டிராக்டர் வாங்கிய விவசாயிக்கு டிராக்டர் சொந்தம், உள்ளிருக்கும் மென்பொருளைப் பயன்படுத்த அனுமதி மட்டுமே உண்டு என்று ஜான் டீர் நிறுவனம் வாதிட்டது. 2015 அக்டோபரில்தான், சொந்த வண்டியைப் பழுதுபார்க்கவும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றவும் விலக்கு வந்தது. 2018இல் இன்னொருவர் உதவியோடு செய்யவும் வழி திறந்தது. வேடிக்கை என்னவென்றால் அதற்கு ஒரு மாதம் முன்பு, 2015 செப்டம்பரில், வோக்ஸ்வேகன் செய்தது வெளியே வந்திருந்தது. சோதனைக்கூடத்தில் ஓடுகிறோமா சாலையில் ஓடுகிறோமா என்று கண்டுபிடித்து, சோதனையில் மட்டும் சுத்தமாகப் புகைவிடும் மென்பொருள்; உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில். தனி ஆட்கள் எண்ணை மாற்றினால் காற்று கெட்டுவிடும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பூட்டிய பெட்டிக்குள் நிறுவனமே மாற்றி வைத்திருந்தது. அதற்காகத் தனி ஆட்களின் மீதான கவலை பொய் என்று சொல்ல மாட்டேன். புகைக்கட்டுப்பாட்டை அணைத்துக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், அது சட்டப்படி குற்றமும்கூட. என்னிடமும் ஒருவர் கேட்டார். பக்கத்துத் தெருவில் ஆஸ்துமா உள்ள குழந்தையின் வீட்டைக் கடந்துதான் அந்த வண்டி தினமும் போகும். முடியாது என்றேன்.

2023இல் வேலை அனுமதி வந்தது. அதுவரை யாராவது வண்டியைக் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்வதோடு சரி. காசு வாங்கினால் விசா போய்விடும் என்ற பயம் கணவரைவிட எனக்கு அதிகம். அட்டை வந்த மூன்றாம் வாரம், மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் எல் சால்வடோர் நாட்டுப் பெண்மணி ஒருவர் தன் பழைய வேனைக் கொண்டுவந்தார். பட்டறையில் கியர்பெட்டியையே மாற்ற வேண்டும் என்று மூவாயிரத்து இருநூறு டாலர் சொல்லியிருந்தார்கள். நான் அரை மணி நேரம் பதிவு எடுத்தேன். பெட்டி நன்றாக இருந்தது. வேகம் சொல்லும் சென்சாரின் வயர் ஓரிடத்தில் தேய்ந்து, குழியில் விழும்போதெல்லாம் வேகம் பூஜ்யம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. வயரை ஒட்டி, உறை போட்டு, கூடவே யாரோ பூஜ்யமாக்கி வைத்திருந்த அந்த விசை தணிக்கும் அட்டவணையைத் திரும்ப எழுதினேன்.

எவ்வளவு என்று கேட்டார். கணவர் சமையலறையிலிருந்து தமிழில், "வேண்டாம்னு சொல்லு, பாவம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் பில் எழுதினேன். பரிசோதனை ஒரு மணி நேரம், வயர் வேலை ஒரு மணி நேரம், கம்ப்யூட்டர் எழுதியது தனி. மொத்தம் 180 டாலர். அவர் எண்ணிக் கொடுத்துவிட்டு ரசீது வேண்டும் என்றார், பட்டறைக்காரரிடம் காட்ட. ரசீதில் என் பெயரையும் என் போன் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை அவருடைய அக்காவின் வண்டி வருகிறது. இரண்டாவது கியரில் மாட்டிக்கொண்டு நகர மறுக்கிறதாம்.